20 எபிசோடு... ஒரு கொலை வழக்கு!

ராத்திரி பத்து மணிக்கும் ஃபேன் காற்று அனலாக அடிக்கிற ஊர் எங்கள் காரியாபட்டி. இங்கே உட்கார்ந்துகொண்டு, குளிரில் நடுங்கும் டென்மார்க் போலீஸ் கதை பார்க்கிறேன் என்றால் ஃப்ரெண்ட்ஸ் சிரிக்கிறார்கள்.

ஸ்காண்டிநேவிய க்ரைம் சீரிஸ் என்றதும் பலரும் சொல்வது, டென்மார்க்கையும் ஸ்வீடனையும் இணைக்கும் பாலத்தின் நடுவே பிணம் கிடக்கும் 'தி பிரிட்ஜ்' (2011). என்னுடைய ஃபேவரைட், அதற்கும் முன்பு, 2007-ல் வந்த 'தி கில்லிங்'. முதல் சீசனில் 20 எபிசோடுகள். ஒரு எபிசோடுக்கு ஒரு நாள். கதை சுற்றுவது 19 வயது நன்னாவின் கொலையைத்தான். ஸ்வெட்டர் போட்ட போலீஸ் அதிகாரி சாரா லுண்ட் துப்பு துலக்குவது ஒரு பக்கம். மகளை இழந்த அப்பா, அம்மா, தம்பிகள் அந்த வீட்டில் எப்படி நாளைக் கடத்துகிறார்கள் என்பது இன்னொரு பக்கம். நம்ம படங்களில் பெற்றோர் ஒரு சீனில் அழுது முடித்துவிடுவார்கள். இதில் கடைசி வரை வருகிறார்கள்.

சப்டைட்டில் ஆங்கிலத்தில் என்பதால் அம்மாவுக்கு நான்தான் கதை சொல்வேன். கொலைகாரன் யார் என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. "அந்தப் புள்ளையோட அம்மா ஏதாச்சும் சாப்பிட்டாளாடி?" என்றுதான் கேட்பார்.

வெடிச் சத்தம் கேட்டால் 'யார் வீட்டுப் பிள்ளையோ' என்று பதறுகிற மாவட்டம் இது. 2012-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2024 மே 1 அன்று எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, ஆவியூர் கல்குவாரியின் வெடிமருந்து கிடங்கு வெடித்து மூன்று பேர் இறந்தார்கள்.

இப்படி ஒரு விபத்து நடந்தால் டிஜிட்டல் டெஸ்க்கில் எங்களுக்கு நான்கு பத்திதான். எத்தனை பேர் பலி, எத்தனை பேர் காயம், யார் மீது வழக்கு, எவ்வளவு நிவாரணம். சாயங்காலத்துக்குள் அடுத்த செய்தி வந்துவிடும். ஆனால், மறுநாள் காலையும் ஆள் ஏற்றும் வேன் அதே தெருமுனையில் ஹாரன் அடிக்கும். அப்போது அந்த வீட்டில் என்ன நடக்கும்? அதற்கு ஐந்தாவது பத்தி கிடையாது.

'தி கில்லிங்' பார்த்தால், அந்த வீட்டுச் சமையலறையைக் கவனியுங்கள். கொலைகாரன் யார் என்பதை நான் சொல்ல மாட்டேன்!

விபத்து நடந்த 20-வது நாள் ஒரு வீட்டுக்குப் போய்ப் பேசி எழுதுகிறேன் என்று டெஸ்க்கில் கேட்டிருக்கிறேன். "போயிட்டு வாம்மா" என்றிருக்கிறார் ஆசிரியர். முதலில் என்ன கேட்க வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுத்துவிட்டார்.