ஐந்து அடி

விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான் அண்ணன். அறையில் இருப்பது மானிட்டரின் வெளிச்சம் மட்டும். வலது கை மவுஸின் மேல் இருக்கிறது, அசையவில்லை. முழுதாக ஒரு நிமிடம் போயிருக்கும். திரையில் ஒரு சதுப்பு நிலம், இடிந்த கோட்டைவாசல், அதற்கு முன்னால் கன்றுக்குட்டி அளவுக்குத் தவளைகள். எதிரே அவனுடைய ஐந்து பேர்.

நான் கட்டிலில், சுவரில் சாய்ந்தபடி இருக்கிறேன். எனக்கு விளையாடத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் தோன்றியதில்லை. இந்த கேமை அவன் ஆடப் பார்ப்பது மட்டும் பிடிக்கும். கல்லூரி நாட்களில் அவன் ஆடியபோதும் இப்படித்தான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடம் கழித்துப் பழைய வன்தட்டைக் கிளறுவதுபோல எதையோ தேடி, மறுபடி இதை நிறுவியிருக்கிறான். அவன் தலையில் நரை வந்துவிட்டது. தவளைகள் அப்படியே இருக்கின்றன.

‘த டெம்பிள் ஆஃப் எலிமென்டல் ஈவில்’. 2003 செப்டம்பரில் வந்தது. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் அர்வைன் நகரில் இருந்த ட்ரோய்க்கா என்ற சிறு நிறுவனம் செய்தது. டிம் கெய்ன், லியனார்டு போயர்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன் என்று மூன்று பேர் ‘ஃபால்அவுட்’ செய்துவிட்டு வெளியே வந்து 1998இல் தொடங்கிய இடம். மொத்தமே மூன்று கேம்கள் வெளியிட்டார்கள். ‘ஆர்கானம்’ பற்றி இன்றும் பேசுகிறார்கள். கடைசியாக வந்த ‘வேம்பயர்: பிளட்லைன்ஸ்’ பற்றிப் பேசி மாளவில்லை. நடுவில் பிறந்த இதைத்தான் யாரும் கேட்பதில்லை. 2005 தொடக்கத்தில் நிறுவனத்தையே மூடிவிட்டார்கள்.

கை அசைகிறது. வட்டமாக ஒரு பட்டியல் விரிகிறது, பூ இதழ் பிரிவதுபோல. ஒவ்வொரு இதழிலும் ஒரு செயல். அதில் ஒன்றைத் தொடுகிறான். திருடன் முன்னால் ஓடுகிறான். ஐவரில் அவன்தான் குள்ளன். இடுப்பளவு உயரம், கையில் சின்னக் கத்தி. குத்துகிறான். திரையின் ஓரத்தில் கணக்கு எழுத்தாக ஓடுகிறது: இருபது முகப் பகடையில் 4. படவில்லை.

இனி தவளையின் முறை. நாக்கு நீள்கிறது. குள்ளன் அதில் ஒட்டிக்கொள்கிறான். அடுத்த சுற்றில் அவன் திரையில் இல்லை.

அண்ணன் ‘ச்’ என்று உச்சுக் கொட்டுகிறான், அவ்வளவுதான். பழைய சேமிப்புக்குத் திரும்பிப் போய் வேறு மாதிரி ஆட அவனுக்கு வழியில்லை. தொடங்கும்போதே ‘அயர்ன்மேன்’ முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். அதில் ஒரே ஒரு சேமிப்பு, நடந்தது நடந்ததுதான். இளவயதில் அவன் இப்படி ஆடியதில்லை. ஓர் அடி தவறினாலும் பின்னால் போய்த் திருத்தி, திருத்தி ஆடுவான். இன்று வேறு ஆளாக உட்கார்ந்திருக்கிறான்.

திரையின் மேல்விளிம்பில் சின்னச் சின்ன முகங்கள் வரிசையாக இருக்கின்றன. யார் முறை முதலில், யார் அடுத்து என்பதை அந்த வரிசை சொல்லும். நம் ஆள், தவளை, நம் ஆள், நம் ஆள், தவளை. அவன் பார்ப்பது போர்க்களத்தை அல்ல, இந்த வரிசையைத்தான். தவளை மறுபடி வாய் திறப்பதற்குள் இரண்டு பேருக்கு முறை வரும். வீரன் வெட்டுகிறான்: 17, பட்டது. பூசாரி கதாயுதத்தை ஓங்குகிறார்: 11, அதுவும் பட்டது. தவளை மல்லாந்து விழ, குள்ளன் வெளியே வந்து கிடக்கிறான். உயிர் இரண்டு புள்ளி மிச்சம். அண்ணன் மூச்சை விடுவது எனக்குக் கேட்கிறது. நானும் அப்போதுதான் விடுகிறேன்.

இதை நான் தாயத்தோடு ஒப்பிட நினைத்ததுண்டு. சரியாக வராது. இது ஆடுபுலி ஆட்டத்துக்குத்தான் நெருங்கியது. இருபது முகக் கல் ஒன்றையும் உருட்டிக்கொண்டு ஆடுகிற ஆடுபுலி. யார் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் எல்லாமே. விதிகள் இவர்கள் கண்டுபிடித்தவை அல்ல. மேசையைச் சுற்றி உட்கார்ந்து தாளும் பென்சிலும் வைத்து ஆடும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் விதிகள். அதன் 3.5 பதிப்புப் புத்தகங்கள் அச்சாகிக் கடைக்கு வந்ததே 2003இல்தான். அதே ஆண்டில் அந்த விதிகளை இவ்வளவு நேர்மையாகக் கணினிக்குள் கொண்டுவந்தார்கள். கதைக்களம் இன்னும் பழையது. அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1979இல் ஹோம்லெட் என்ற கிராமத்தை எழுதி வெளியிட்டார். அதன் பக்கத்தில் இருக்கும் தீய கோயிலின் கதை ஃபிராங்க் மென்ட்சரோடு சேர்ந்து முடிந்து புத்தகமாக வர 1985 ஆகிவிட்டது.

குறைகளை நான் மறைக்கப்போவதில்லை. கதை மெலிவானது. ஹோம்லெட்டில் வீடு வீடாகப் போய்ப் பேசி, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சேர்ப்பிக்கும் முதல் சில மணி நேரம் அலுப்பூட்டும். நான் அந்த நேரத்தில் சமையலறைக்குப் போய்விடுவேன். அதைவிடப் பெரிய குறை, ஏகப்பட்ட பிழைகளோடு வெளிவந்தது. திடீரென்று நின்றுபோகும், மந்திரங்கள் சொன்னபடி வேலை செய்யாது. வாங்கியவர்கள் கைவிட்டதில் வியப்பில்லை.

வியப்பெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததில்தான். ‘சர்க்கிள் ஆஃப் எய்ட்’ என்ற பெயரில் ரசிகர்கள் கூடி இதைச் செப்பனிட ஆரம்பித்தார்கள். பிழை திருத்தினார்கள், வெட்டி எறியப்பட்டிருந்தவற்றைத் தேடிச் சேர்த்தார்கள், புதிதாகவும் எழுதினார்கள். செய்த நிறுவனம் இல்லாமல் போன பிறகும் ஆண்டுக்கணக்கில் அந்த வேலை நடந்தது. பிறகு ‘டெம்பிள் பிளஸ்’ என்று இன்னொரு முயற்சி கேமின் அடி எந்திரத்துக்குள்ளேயே கைவைத்தது. கூலி எதிர்பார்க்காத வேலை இது. அண்ணன் இப்போது ஆடுவது அந்தக் கைகள் தைத்துக் கொடுத்த கேம். அவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. கும்பிடத் தோன்றுகிறது.

கோட்டைக்குள் நுழைந்துவிட்டார்கள். இருட்டான கூடம். கொள்ளையர்கள் பாய்ந்து வருகிறார்கள். ஒருவன் வந்து சூனியக்காரியின் மேல் முட்டுவதுபோல நிற்கிறான், வாளோடு. அவளிடம் நாலு புள்ளி உயிர். கவசம் கிடையாது. பக்கத்தில் எதிரி நிற்கும்போது மந்திரத்துக்குக் கை தூக்கினால், அவன் ஓர் இலவச வெட்டு வெட்டுவான். திரும்பி ஓடினாலும் அதே வெட்டு. நான் பார்க்கும் வரைக்கும் வழியே இல்லை.

அண்ணன் மவுஸை மிக மெதுவாக நகர்த்துகிறான். அவள் பின்னால் ஐந்து அடி தூரத்துக்கு ஓர் எட்டு வைக்கிறாள். ஐந்தே அடி. அதற்கு மேல் நகராமல் பின்வாங்குகிறவரை விதி காக்கிறது. அந்த வெட்டு விழாது. இதைப் பார்க்கத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனையோ கேம்களில் ஒரு கூட்டத்தையே வீழ்த்தும் வீரர்களைக் காட்டுகிறார்கள். பின்னால் வைத்த ஓர் எட்டுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்ததை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அண்ணன் அவளைச் சும்மா பின்வாங்க வைக்கவில்லை என்பதும் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. அங்கிருந்து பார்த்தால் வாளோடு நிற்பவனும் அவனுக்குப் பின்னால் வருபவனும் ஒரே விசிறிக்குள் அடங்குகிறார்கள். அவள் விரல்களிலிருந்து பல வண்ணங்கள் விசிறியாய்த் தெறிக்கின்றன. பகடைகள் உருளும் எழுத்துகள். முன்னால் நின்றவன் நினைவிழந்து சரிகிறான். பின்னால் வந்தவன் தாக்குப்பிடித்துவிட்டான். 18 விழுந்திருக்கிறது அவனுக்கு.

மேல்விளிம்பில் அடுத்த முகம் அவனுடையதில்லை, பூசாரியுடையது. அதற்கடுத்துதான் அவன்.

“என்னங்க, தோசை ஆறுது,” உள்ளேயிருந்து அண்ணி.

“இதோ வந்துட்டேன்.”

வரவில்லை. இன்னொரு முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்து போகிறான், திரையைப் பார்த்தபடியே, பின்பக்கமாக. மவுஸை அப்படியே விட்டுவிட்டுப் போகிறான். நிறுத்திவைக்கும் பொத்தானைக்கூட அழுத்தவில்லை, அதற்குத் தேவையும் இல்லை. இந்த கேம் காத்திருக்கும்.

நான் நாற்காலிக்கு அருகே போய்ப் பார்க்கிறேன். பூசாரி கதையைத் தாங்கி நிற்கிறார். சூனியக்காரி கையை இறக்கியிருக்கிறாள். குள்ளன் எல்லோருக்கும் பின்னால் இருக்கிறான், இரண்டு புள்ளி உயிரோடு. கொள்ளையன் வாளை ஏந்தியபடி நிற்கிறான். எல்லோரும் மெல்ல மூச்சுவிடுகிறார்கள். சமையலறையில் சட்னிக் கிண்ணம் வைக்கும் சத்தம், அண்ணன் எதையோ சொல்ல அண்ணி சிரிக்கும் சத்தம்.

பூசாரியின் கால்களைச் சுற்றி ஒரு வட்டம் ஒளிர்கிறது. அவருடைய முறை.

நான் எதையும் தொடவில்லை. கட்டிலுக்குத் திரும்பி வந்து சுவரில் சாய்ந்துகொள்கிறேன்.