பத்து மீட்டர் கயிற்றுக்குள் ஜவ்வாது மலை

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் காடு செழிப்பாகத்தான் தெரியும். சாமைக் கொல்லைகளைத் தாண்டினால் கடுக்காய், நெல்லி, புளி என மலையாளிப் பழங்குடிகளுக்குக் காசு தரும் மரங்கள். ஆனால், சாலையோரத்தை வைத்து மலையைக் கணக்குப் போட முடியாது.

அதற்குத்தான் மாதிரிக் கட்டம். மரத்துக்குப் பத்துக்குப் பத்து மீட்டர், புதருக்கு ஐந்துக்கு ஐந்து, புல் பூண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று. நான்கு முளைக்குச்சியும் கயிறும் போதும் (வனத்துறை நிலமென்றால் அனுமதியும் வேண்டும்). இடத்தைக் குலுக்கிப்போட்டுத்தான் எடுக்க வேண்டும். நடக்கத் தோதான இடமாகப் பார்த்துக் கட்டம் போட்டால் கணக்கு பொய்த்துவிடும்.

உதாரணமாக, 20 கட்டங்களில் 30 நெல்லி மரங்கள் இருந்தால் கட்டத்துக்கு 1.5, ஹெக்டேருக்கு 100 கட்டம் என்பதால் 150 மரம். அந்த முப்பதும் இரண்டே கட்டங்களில் குவிந்திருந்தால் சேதியே வேறு. அதனால் எத்தனை கட்டங்களில் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். முயலும் மானும் எண்ணும்வரை நிற்காது; அவற்றுக்குப் புழுக்கையும் குளம்புத் தடமும்தான் கணக்கு.

மரத்தைவிடக் கன்றுகளைத்தான் கூர்ந்து எண்ண வேண்டும். பல கட்டங்களில் கடுக்காய் மரம் காய்த்து நிற்கிறது, எதிலும் ஒரு கன்றுகூட இல்லையென்றால், ஆடு மேய்ந்ததா, தீ ஓடியதா, காய் மிச்சமில்லாமல் பொறுக்கப்பட்டதா? அதை அந்த ஊர்க்காரர்தான் சொல்ல முடியும். முளைக்குச்சிகளைப் பிடுங்காமல் விட்டால், அடுத்த மழைக்குப் பிறகு அதே கட்டத்தில் மறுபடி எண்ணலாம்.