'எல்லாருக்கும் சரிதானே?' - மகளிர் குழுவை உடைக்கும் ஒற்றைக் கேள்வி!

பதினைந்து பெண்கள், ஒரு பாய், ஒரு தீர்மான நோட்டு. தமிழ்நாட்டின் ஏதோ ஒரு தெருவில் தினமும் இப்படி ஒரு கூட்டம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. முடியும் நேரத்தில் ஊக்குநர் கேட்பார்: "எல்லாருக்கும் சரிதானே?" "சரிங்கக்கா" என்று குரல்கள் வரும். நோட்டு கைமாறும், கையெழுத்து விழும், அடுப்பில் உலை வைத்த ஞாபகத்தில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.

அந்தச் 'சரிங்கக்கா'வில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே சரி? இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்தான் நல்ல தலைவி. கண்டுபிடிக்காமல் விட்டால் மூன்றே மாதத்தில் பணமும் போகும், பக்கத்து வீட்டு உறவும் போகும்.

தென்னாற்காட்டுக்கு முன்பே வந்த திட்டம்

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. ஐ.நா.வின் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம் அதற்கு உதவியது. அடுத்து சேலம், தென்னாற்காடு மாவட்டங்களுக்குத் திட்டம் போனது. இன்றைய விழுப்புரம் மாவட்டம் அன்று தென்னாற்காட்டுக்குள்தான் இருந்தது; 1993-ல்தான் பிரிந்தது. 1992-ல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனை முயற்சியை நாடு முழுவதற்குமாகத் தொடங்கியது. அப்படிப் பார்த்தால், விழுப்புரம் பெண்களுக்குக் குழு என்பது புதிய செய்தி அல்ல. அம்மா காலத்துப் பழக்கம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரியமுதலியார்சாவடியில் திரும்பி ஆரோவில் நோக்கிப் போனால் வருகிற ஊர் குயிலாப்பாளையம். செம்மண், முந்திரி மரங்கள், நடுவே கஃபே, பேக்கரி, விருந்தினர் விடுதி என்று வெளியூர்க்காரர்கள் வந்துபோகும் சாலை. இந்தச் சுற்றுவட்டாரக் கிராமங்களில், இரும்பையிலிருந்து இயங்கும் 'ஆரோவில் வில்லேஜ் ஆக்‌ஷன் குரூப்' மகளிர் குழுக்களோடு நீண்ட காலமாக வேலை செய்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு குழுவின் முதல் சிக்கல் கூட்ட நேரத்திலேயே தொடங்கிவிடும். "ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் லீவுதானே" என்று ஒருவர் முடிவெடுத்தால், விடுதியில் அறை சுத்தம் செய்யப் போகும் பெண் என்ன செய்வார்? ஊருக்கெல்லாம் விடுமுறை நாள்தான் அவருக்கு வேலை அதிகம். இரண்டு கூட்டத்துக்கு வராவிட்டால், "அவளுக்குக் குழுவுல அக்கறையே இல்ல" என்று பேச்சு வரும். கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் தீர்ந்திருக்கும். யாரும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

சரிபாதி என்னும் மௌனம்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 பேர் கொண்ட குழுவுக்கு வங்கியில் 3 லட்சம் ரூபாய் கடன் கிடைக்கிறது. தலைக்கு 20,000 என்று பிரித்துவிட்டால் சண்டையே இல்லை. பார்க்க நியாயமாகவும் இருக்கிறது.

ஆனால், ஒருவர் தையல் மெஷின் வாங்க நினைக்கிறார். அவருக்கு 40,000 வேண்டும். இன்னொருவருக்குக் கடனே வேண்டாம். மூன்றாமவர் ஏற்கெனவே வேறு இரண்டு இடத்தில் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். மூவரும் "சரிங்கக்கா" என்கிறார்கள். வேண்டாதவர் வாங்கி, பெயரைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பணத்தை இன்னொருவரிடம் கொடுக்கிறார். மூன்றாமவர், பழைய தவணையை அடைக்கப் புதுக் கடனை எடுக்கிறார்.

இதற்கு ஒரு வேடிக்கையான பெயர் உண்டு: 'அபிலீன் முரண்'. ஜெர்ரி ஹார்வி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1974-ல் எழுதியது. டெக்சாஸில் கொளுத்தும் வெயிலில் ஒரு குடும்பம், ஏ.சி. இல்லாத காரில் 53 மைல் தள்ளியிருக்கும் அபிலீன் நகரத்துக்குச் சாப்பிடப் போகிறது. வாடி வதங்கித் திரும்பிய பிறகுதான் தெரிகிறது, யாருக்குமே போக விருப்பமில்லை! மற்றவர்கள் ஆசைப்படுகிறார்கள் என்று நினைத்து ஒவ்வொருவரும் தலையாட்டியிருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்கு வீணானது ஒரு மதியம்தான். சுயஉதவிக் குழுவில் கடன் குழுவின் பெயரில் இருக்கிறது. ஒருவர் கட்டாவிட்டால் 15 பேருக்கும் அடுத்த கடன் சிக்கலாகும்.

தவணை நின்ற நாளில்...

மூன்றாவது மாதம் அவர் கூட்டத்துக்கு வரவில்லை. பாஸ்புக்கை மகளிடம் கொடுத்து அனுப்புகிறார், பணம் இல்லாமல். ஒரு தலைவியின் பேச்சுத்திறன் தெரிவது இந்த நாளில்தான்.

"ஏன் கட்டல?" என்று நாலு பேர் முன்னால் கேட்டால், பதிலாகப் பொய்தான் வரும். "அடுத்த வாரம் தந்துடறேன்க்கா." அந்த அடுத்த வாரத்துக்காக அவர் வட்டிக்காரரிடம் போவார். குழு தொடங்கியதே அந்த வாசலில் நிற்கக் கூடாது என்பதற்காக. குழுவில் பட்ட அவமானமே அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தும்.

அதையே கூட்டத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம், தனியாக, "இந்த மாசம் எவ்ளோ முடியும்?" என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்விக்கு "ஐந்நூறு முடியும்" என்று பதில் சொல்லலாம். "இந்த மாசம் சுத்தமா முடியாது, அவருக்கு வேலை இல்ல" என்றும் சொல்லலாம். அப்புறம் குழுப் பணத்திலிருந்து உள்கடன் தரலாமா, தவணையைப் பிரிக்கலாமா என்று அவர் சம்மதத்தோடு கூட்டத்தில் பேச முடியும்.

வாட்ஸ்அப் வந்த பிறகு இதில் இன்னொரு ஆபத்து. "தவணை பாக்கி உள்ளவர்கள்" என்று பெயர்ப் பட்டியலைக் குரூப்பில் போடுவது சுலபம். ஆனால், பல வீடுகளில் அந்த போன் மகனிடமோ கணவரிடமோ இருக்கிறது. அம்மாவின் கடன் பாக்கியைப் பிள்ளை முதலில் படிக்கிறான். கூட்டம் எத்தனை மணிக்கு என்று சொல்ல வாட்ஸ்அப் போதும். யார் கட்டவில்லை என்பதை நேரில்தான் பேச வேண்டும். பதிலுக்கு வரும் கட்டைவிரல் எமோஜியும் இன்னொரு 'சரிங்கக்கா'தான்!

பேச வைக்கும் வழிகள்

இதற்குப் பெரிய பயிற்சி தேவையில்லை.

* வட்டமாக உட்காருங்கள். தலைவி நாற்காலியிலும் மற்றவர்கள் தரையிலும் இருந்தால் பேச்சு ஒரு பக்கமாகத்தான் ஓடும்.

* தலைவி கடைசியில் பேசட்டும். அவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால், பிறகு வருவதெல்லாம் ஆமோதிப்புதான்.

* "எல்லாருக்கும் சரிதானே?" என்பதற்குப் பதில், வரிசையாக ஒவ்வொருவரிடமும் "உங்களுக்கு இதுல என்ன கஷ்டம் வரும்?" என்று கேளுங்கள். கஷ்டம் இருப்பது இயல்பு என்று அந்தக் கேள்வியே சொல்லிவிடும்.

* கணக்கைச் சத்தமாகப் படியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கும் வரவு, கடன், மிச்சம் மூன்றும் காதில் விழ வேண்டும். அதற்குப் பிறகு கையெழுத்து.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய எச்சரிக்கை

நன்றாகப் பேசும் ஒருவரே வருடக்கணக்கில் ஊக்குநராக இருப்பது பல குழுக்களில் நடக்கிறது. "பேங்க்ல பேச அவங்களாலதான் முடியும்" என்பார்கள். அவர் இல்லாவிட்டால்?

1930-களின் இறுதியில் அமெரிக்காவில் குர்ட் லெவின் குழுவினர், பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். உத்தரவு போடும் தலைவர் அறையை விட்டு வெளியேறியதும் வேலை சட்டெனக் குறைந்தது. கலந்து பேசி முடிவெடுத்த குழுவில், தலைவர் போன பிறகும் வேலை தொடர்ந்தது. எதிலும் தலையிடாமல் விட்டுவிட்ட தலைவரின் குழுவில் வேலை சரியாக நடக்கவே இல்லை. ஆக, தலைவி தேவை; அவரையே நம்பிக் குழு நிற்கக் கூடாது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது அப்போதே தெரிந்திருக்கிறது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலுக்கு விதி சொல்கின்றன. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி நிற்க முடியாது. கணக்குக் காட்டாதவரும் நிற்க முடியாது. அந்தத் தேர்தலில் பெண்களுக்கு இடம் இருக்கவில்லை. அந்த விதியை இன்று தெருவோரப் பாயில் உட்கார்ந்து நடைமுறைப்படுத்தும் வாய்ப்பு பெண்களிடம்தான் இருக்கிறது.

அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது, இதுவரை கூட்டத்தில் வாய் திறக்காத ஒருவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள். மேனேஜர் முன் முதல் வாக்கியத்தை அவர் பேசட்டும். தடுமாறினாலும் பரவாயில்லை, பக்கத்தில் நீங்கள் இருக்கிறீர்களே!