பறிக்கலாம்

எங்க தாத்தா ஆம்பூரில் தோல் பதனிட்டவர். அவர் சொல்லும் கதைகளில் ரெண்டு பட்டைகள் வரும். முதலில் பக்கத்துக் காடுகளிலிருந்து வந்த ஆவாரம்பட்டை. பிறகு வாட்டில் பட்டை. நீலகிரிப் புல்வெளிகளில் வளர்க்கப்பட்ட ஆஸ்திரேலிய மரம். அது பரவப் பரவ தோடர்களின் மேய்ச்சல் நிலம் சுருங்கியது. அப்புறம் குரோமியம் வந்தது. பாலாறு கெட்டது. 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போனது.

மூணு வருஷத்துக்கு முன்னால், வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் 'பழங்குடித் தோட்டம்' அமைக்க என்னைக் கூப்பிட்டார்கள். ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் பூர்வகுடிகளின் செடிகளை வைத்துத் தோட்டம் போடுகிறார்களே, அதைப் பார்த்து வந்த ஆசை. நானும் உற்சாகமாக வரைந்தேன். நடுவில் வில்லேந்திய சிலை, சுற்றிலும் நாற்பது மூலிகைகள், ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை, கம்பிவேலி.

வரைபடத்தோடு குடியாத்தம் பக்கம் ஓர் இருளர் குடியிருப்புக்குப் போனேன். செடிகளின் பெயரைச் சரிபார்க்கத்தான். அங்கிருந்த ஆயா சிறுவயதில் அரிசி ஆலையில் கொத்தடிமையாக இருந்து மீண்டவர். செடிகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வேலியில் விரலை வைத்தார்.

"இது இன்னா கண்ணு, கேட்டா? பூட்டுவீங்களா?"

"ராத்திரி மட்டும், ஆயா."

"எங்க மில்லுலயும் ராத்திரிதான் பூட்டுவாங்க."

எனக்குப் பேச்சு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: "பூவப் பறிக்க வுடுவீங்களா?"

வுட மாட்டோம். பறிக்காதீர் என்ற பலகையும் என் பட்டியலில் இருந்தது.

"அப்ப இது யாருக்கு?"

ஆவாரை அவருக்கு ஒரு பெயர்ப்பலகை இல்லை. மருந்து, பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூ. எடுத்தால்தான் அது அவர் செடி. நான் கௌரவிக்கப் போனது அவர் வாழ்க்கையை இல்லை, நான் படத்தில் பார்த்த ஒரு பழங்குடியை.

திரும்பி வந்து கமிட்டியிடம் சண்டை போட்டேன். சிலை போனது. பறிக்காதீர் பலகையும் போனது. பூட்டு போகவில்லை, பாதுகாப்பு என்றார்கள். பகலில் யாரும் வரலாம் என்பதற்கு மட்டும் ஒத்துக்கொண்டார்கள். ஆயா கொடுத்த விதையில்தான் ஆவாரை முளைத்தது.

இந்தப் பொங்கலுக்கு முந்தின நாள் ஆயா வந்தார். வாசலில் ரிஜிஸ்டரில் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். வைத்தார். உள்ளே போய் மடி நிறைய ஆவாரம்பூ பறித்தார். வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். நானும் குனிந்து பறிக்க ஆரம்பித்தேன்.

அந்த ரிஜிஸ்டரைத்தான் இன்னும் எடுக்க முடியவில்லை.