ரிச்மண்டில் ஒரு சேமிப்பு வங்கியைத் தேடி

வொஷிங்டனில் நடந்த ஒரு பயிற்சிக்குப் போயிருந்தபோது இடையில் ஒரு சனிக்கிழமை ஓய்வு கிடைத்தது. கூட வந்தவர்கள் சாமான் வாங்கக் கடைகளுக்குப் போனார்கள். நான் ரயிலேறி ரிச்மண்டுக்குப் போனேன். கிராமங்களில் பெண்களின் சேமிப்புக் குழுக்களோடு வேலை செய்பவள் என்பதால் மகி லீனா வோக்கர் என்ற பெயரை முன்பே வாசித்திருந்தேன். அமெரிக்காவில் வங்கியொன்றைப் பதிவு செய்து, அதன் தலைவராக இருந்து நடத்திய முதலாவது கறுப்பினப் பெண் அவர். அவர் வாழ்ந்த வீடு அங்கே அரசின் நினைவில்லமாக இருக்கிறது.

ரிச்மண்ட் வேர்ஜீனியா மாநிலத்தின் தலைநகரம். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தில், அடிமை முறையைக் காப்பாற்ற நின்ற தென் மாநிலங்களுக்கும் இதுவே தலைநகராக இருந்தது. யுத்தம் முடியும் தறுவாயில் நகரின் வியாபாரப் பகுதி எரிந்து சாம்பலானது. மகி பிறந்தது 1864 இல், அந்த யுத்தத்துக்குள்ளேதான். தாய் எலிசபெத் அடிமையாக இருந்தவர், ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை செய்தவர். 1876 இல் மகியின் வளர்ப்புத் தந்தை காணாமற்போனார். பிறகு ஜேம்ஸ் ஆற்றில் பிணமாகக் கண்டெடுத்தார்கள். தற்கொலை என்று எழுதி முடித்துவிட்டார்கள். கொலை என்றே குடும்பம் நம்பியது. அதற்கு மேல் விசாரிக்க யாரும் இல்லை.

பிள்ளைகளை வளர்க்க அந்தத் தாய் வெள்ளையர் வீட்டு உடுப்புகளை வாங்கித் தோய்த்துக் கொடுத்தார். உடுப்புக் கூடையைத் தலையில் சுமந்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது மகி. பிற்காலத்தில் மேடைகளில் தன்னைப் பற்றிச் சொல்லும்போது அந்தக் கூடையை அவர் மறைத்ததே இல்லையாம்.

பதினான்கு வயதளவில் மகி சேர்ந்த இடம் புனித லூக்கா சங்கம். எங்கள் ஊர் மரணாதாரச் சங்கம் மாதிரித்தான். மாதச் சந்தா கட்டினால் நோய் வந்தபோது உதவி, செத்தால் அடக்கச் செலவு. படித்து ஆசிரியையானார். 1886 இல் ஆம்ஸ்ரெட் வோக்கரைக் கலியாணம் செய்ததும் வேலை போயிற்று. மணமான பெண் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க முடியாது என்பது அக்கால விதி. சங்க வேலை மட்டும் தொடர்ந்தது. 1899 இல் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவர் கைக்கு வந்தபோது பெட்டியில் இருந்தது 31 டொலர் 61 சதம். கடன் ஏறக்குறைய 400 டொலர். முன்பிருந்த ஆணுக்குக் கொடுத்த சம்பளத்தில் மூன்றிலொரு பங்குதான் அவருக்கு.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் அவர் செய்ததன் பாரம் விளங்காது. யுத்தம் முடிந்த 1865 இல், விடுதலையான அடிமைகளுக்கென்று ஒரு சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டது. அரசாங்கமே பின்னால் நிற்கிறது என்று நம்பி மக்கள் காசைப் போட்டார்கள். நிர்வாகம் செய்தவர்கள் தகாத இடங்களுக்குக் கடன் கொடுத்தார்கள். 1874 இல் வங்கி இழுத்து மூடப்பட்டது. அறுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் ஏறக்குறைய 30 இலட்சம் டொலர் சிக்கிக்கொண்டது. பலருக்கு ஒரு பகுதிதான் திரும்பக் கிடைத்தது, சிலருக்கு அதுவும் இல்லை. இப்படி ஏமாந்த ஒரு சமூகத்திடம் போய் மறுபடியும் "காசைக் கொண்டு வாருங்கள்" என்று கேட்பது லேசான காரியமல்ல. சேமிப்புப் புத்தகத்தை நீட்டும்போது ஒரு தாய் என் முகத்தை எப்படிப் பார்ப்பார் என்பது எனக்குத் தெரியும்.

மகி முதலில் செய்தது தான் படித்தது. நகரத்து வெள்ளையர் வங்கியொன்றில் மாதக்கணக்காகத் தினமும் சில மணித்தியாலம் போயிருந்து கணக்கு வேலையைக் கற்றார். 1902 இல் சங்கத்துக்கென்று பத்திரிகை தொடங்கினார். 1903 நவம்பர் 2 இல் புனித லூக்கா பென்னி சேமிப்பு வங்கி திறக்கப்பட்டது. பென்னி என்றால் ஒரு சதக் குற்றி. முதல் நாள் சேர்ந்தது 9,000 டொலருக்கு மேல். வெறும் 31 சதத்தோடு வந்து கணக்குத் திறந்தவரும் உண்டு. பல்கலைக்கழகத்தில் 'சமூக மூலதனம்' என்று பக்கம் பக்கமாக எழுதிப் பரீட்சை பாஸ் பண்ணியவள் நான். அந்த 31 சதத்தைக் கேட்டபோதுதான் அது என்னவென்று பிடிபட்டது.

உடுப்புத் தோய்ப்பவர்களும் வீட்டு வேலைக்காரிகளும் கட்டிய காசு வீட்டுக் கடனாகத் திரும்பி வந்தது. 1920 அளவில் சுமார் 600 குடும்பங்கள் அந்த வங்கியின் உதவியோடு சொந்த வீட்டுக்காரர் ஆகியிருந்தன. எல்லாம் வெற்றி என்று சொல்ல மாட்டேன். 1905 இல் பெண்களுக்கு வேலை கொடுக்கவென்று திறந்த பெரிய கடை, வெள்ளை வியாபாரிகளின் எதிர்ப்பில் 1911 இல் மூடப்பட்டது. வங்கி மட்டும் நின்றது.

லீ வீதி வீட்டுக்கு முன்னால் போய் நின்றபோது வெயில் ஏறிவிட்டது. செங்கல் வீடு. பின்னுக்கும் மேலுக்கும் கட்டிக் கட்டி 28 அறைகள் ஆனதாம். தளபாடங்கள் அநேகமாக அவர் பாவித்தவையே. சுவரெங்கும் படங்கள். நடக்க இயலாமற் போனபின் பாவித்த லிப்டும் இருக்கிறது.

இதே வீட்டில்தான் 1915 ஜூனில் அது நடந்தது. திருடன் வந்து போவதாகப் பயந்திருந்த நேரம். இரவில் தாழ்வாரத்தில் நடமாட்டம் கண்டு மூத்த மகன் ரசல் சுட்டார். விழுந்தது தகப்பன். கொலை வழக்குப் போட்டார்கள். மகன் விடுவிக்கப்பட்டார், ஆனால் பிறகு மனிதனாக எழும்பவில்லை. குடியும் மனச்சோர்வுமாகி 1923 இல் இறந்தார். கணவனை இழந்தவள், சுட்டவனின் தாய், இரண்டும் ஒரே பெண். அந்த நேரத்தில் சங்கத்துக்குள்ளேயே சிலர் அவரைப் பதவியிலிருந்து இறக்கப் பார்த்தார்கள். பெண்ணுக்கு ஒரு கெட்ட காலம் வந்தால் கதைக்கிற வாய்கள் எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலும். அவர் எழுந்து நின்று பதில் சொல்லி, பதவியையும் காத்துக்கொண்டார்.

1928 அளவில் சக்கர நாற்காலி. நாடெங்கும் வங்கிகள் விழத் தொடங்கிய காலம் அது. வேறு இரண்டு கறுப்பின வங்கிகளோடு தன் வங்கியை இணைத்துச் சபைத் தலைவராக இருந்தார். ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்ட அந்தப் பொருளாதார வீழ்ச்சியில் அந்த வங்கி தப்பியது. 1934 டிசெம்பர் 15 இல், நீரிழிவு வியாதி முற்றி, இந்த வீட்டிலேயே அவர் இறந்தார். வங்கி அவருக்குப் பின்னும் எழுபது வருடம் ஓடியது. 2005 இல் வேறு கைக்கு மாறி, சில வருடங்களில் பெயரும் போய்விட்டது.

அவரை அடக்கம் செய்தது எவர்கிறீன் மயானத்தில். கவனிப்பாரின்றி அந்த மயானம் பல வருடங்கள் காடு மூடிக் கிடந்தது. தொண்டர்கள் வந்து வெட்டி வெட்டித்தான் கல்லறைகளை வெளியே கொண்டு வந்தார்கள். புதர் விலக்கிப் பெயர் தேடுகிற வேலை எங்களுக்குப் புதிதல்லவே. எனக்கு அங்கே போக நேரம் போதவில்லை. அது இன்னும் மனதில் குறைதான்.

அவர் வாழ்ந்த ஜக்சன் வோட் பகுதியை 1950களில் நெடுஞ்சாலை ஒன்று இரண்டாகப் பிளந்தது. சங்கக் கட்டடம் அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். பல குடும்பங்களின் வீடுகள் இடிபட்டன. கடன் கட்டி வாங்கிய வீடுகளும் அவற்றில் இருந்திருக்கும்.

ஸ்டேசனுக்குத் திரும்பும் வழியில் புறோட் வீதி மூலையில் 2017 இல் வைத்த வெண்கலச் சிலையைப் பார்த்தேன். கையில் காசோலைப் புத்தகம். கீழே இருந்த வட்டத்தில் ஒரு கறுப்பினத் தாய் சின்ன மகளோடு இருந்து சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படம் எடுக்கட்டுமா என்று சைகையில் கேட்டேன். சிரித்துக்கொண்டு அரக்கி இடம் தந்தார். அவர்களும் சேர்ந்து விழுந்த படம்தான் இப்போது எங்கள் அலுவலகச் சுவரில் இருக்கிறது.