உவரில் வாழும் மரங்கள்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, பிச்சாவரம் என்னும் அலையாத்திக் காடு உள்ளது. விடுமுறையில் நண்பர் சிலருடன் யாம் அங்குப் படகேறிச் சென்றோம். சிதம்பரத்துக்குத் தன் பெயரை ஈந்த தில்லை மரம் இன்றும் அக்காட்டில் நிற்கின்றது. அதன் பால் கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு விளையும். ஆதலின் படகோட்டி எம்மை அதனருகே செல்ல விட்டாரில்லை.

எம் உள்ளத்தைக் கவர்ந்தவை வேறிரண்டு மரங்கள். வெண்கண்டலின் இலையொன்றைப் பறித்து நாவில் வைத்தோம், கரித்தது. வேர்வழிப் புகுந்த உப்பை அம்மரம் இலையிலுள்ள நுண்ணிய சுரப்பிகளால் வெளியேற்றுகின்றது. நீர் உலர்ந்தபின் உப்புத்துகள் இலைமேல் நிற்கும். சுரபுன்னையோ உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகின்றது. பகைவனை உள்ளே விட்டுப் பின் துரத்துவதோ, வாயிலிலேயே நிறுத்துவதோ, எது சிறந்ததென நண்பரொருவர் வினவினார். இரண்டும் ஒரே சேற்றில் தழைத்து நிற்பதைக் கண்ட யாம் தீர்ப்புக் கூறத் துணிந்திலோம்.

அச்சேற்றினுள் காற்றுப் புகுதல் அரிது. ஆகவே வெண்கண்டல், எழுதுகோல்களை நட்டு வைத்தாற்போல, மூச்சு வாங்கும் வேர்களை மேல்நோக்கி எழுப்புகின்றது. சுரபுன்னை அடிமரத்தினின்று ஊன்றுவேர்களை வளைத்திறக்கி நிற்கின்றது. அதன் வித்து தாய்மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய்போல் தொங்கிப் பின்னரே வீழ்கின்றது. தாவர நூல் பயிலும் மாணவர் இதனை நேரிற் காணல் நலம்.

இத்துணை ஆற்றலுடைய மரங்களும் உப்பினாலேயே மடிந்ததுண்டு. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய வழக்கப்படி இக்காட்டைப் பகுதி பகுதியாக முற்றும் வெட்டி வந்தனர். நிழலிழந்த நிலம் வெயிலில் வறண்டு பள்ளமாயிற்று. ஓதத்தில் ஏறிய நீர் திரும்ப வழியின்றிப் பள்ளத்தில் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக ஆவியாக உவர் மிகுந்தது. அவ்விடங்களில் வெண்கண்டலும் முளைத்திலது. இம்மரங்கள் உப்பைப் பொறுப்பனவேயன்றி விரும்புவன அல்ல. நாள்தோறும் ஓதம் வந்து மீள்வதும், ஆற்றின் நன்னீர் கலப்பதும் அவற்றுக்கு இன்றியமையாதன.

1990-க்குப் பின்வந்த ஆண்டுகளில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையினரும் ஊர்மக்களைத் துணைக்கொண்டு, மீன்முள் அமைப்பில் கால்வாய்கள் வெட்டி, ஓதநீர் வந்து மீள வழிசெய்து, கரைகளில் கன்றுகள் நட்டனர். வெற்றுநிலம் மீண்டும் பசுமையுற்றது. ஆயினும் ஓதம் கொணரும் வண்டல் அக்கால்வாய்களில் படிந்துகொண்டே இருக்கும். அவ்வப்போது தூர் வாராவிடின் நீர் மீண்டும் தேங்கும். எம் படகு அத்தகைய கால்வாயொன்றின் வாயை அடைந்தபோது, படகோட்டி துடுப்பை நிமிர்த்திச் சேற்றில் ஊன்றி ஆழம் பார்த்தார்.