ஒரு சதத்தில் இரண்டு ஐந்து

கடந்த ஐப்பசியில் ஒரு மாலை, கல்லடியிலிருந்து மூதாட்டி ஒருவர் என் வீடு தேடி வந்தார். ஒரு கையில் பத்திரிகை நறுக்கு. மறு கையில் முடிச்சிட்ட கைக்குட்டை. நறுக்கில் இருந்தது நான் எழுதிய கட்டுரை. கைக்குட்டையை அவிழ்த்தபோது, கறுத்துப்போன அமெரிக்கச் செம்புச் சதம் ஒன்று தெரிந்தது. ஆண்டு 1955.

“இதுதானா மனே அந்தக் காசு?” என்று கேட்டார்.

அந்தக் கட்டுரையைப் பற்றி முதலிற் சொல்லிவிட வேண்டும். 1955இல் பிலடெல்பியா நாணயச்சாலையில், தவறாக உருவாக்கப்பட்ட ஒரு சத அச்சு ஒன்று பாவனைக்கு வந்தது. அதில் அடித்த காசுகளின் முகப்பில் ஆண்டும் வாசகங்களும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. தவறு கண்டுபிடிக்கப்பட்ட வேளையில் அவை நல்ல காசுகளோடு கலந்துவிட்டன. எல்லாவற்றையும் உருக்க மனமில்லாத அதிகாரிகள் அப்படியே வெளியே விட்டார்கள். 20,000இற்கு மேற்பட்டவை புழக்கத்துக்கு வந்தன என்பது நாணயவியலாளரின் கணிப்பு. சிகரெட் பெட்டியோடு கொடுக்கப்பட்ட மிச்சச் சில்லறையாகவே பல காசுகள் மக்கள் கைக்குப் போயின. இன்று தேய்ந்த காசு ஒன்றே ஆயிரம் டொலருக்கு மேல் விலைபோகிறது. இதை ஞாயிறு இதழுக்கு எழுதி, ‘ஒரு சதத்தின் விலை மூன்று இலட்சம்’ என்று தலைப்பும் இட்டிருந்தேன்.

மட்டக்களப்புக்கு அமெரிக்கச் சதம் எப்படி வந்தது என்று வெளியூர் வாசகர்கள் வியக்கலாம். இங்குள்ள புனித மிக்கேல் கல்லூரியில், நியூ ஒர்லியன்ஸ் பகுதியிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் நெடுங்காலம் பணியாற்றினார்கள். அவர்களுள் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரை நகரின் விளையாட்டரங்கு இன்றும் தாங்கி நிற்கிறது. மூதாட்டியின் கணவர் அக்கல்லூரியின் மாணவர். கூடைப்பந்துப் பயிற்சி முடிந்த ஒரு மாலையில், அமெரிக்கக் குரு ஒருவர் அவருக்கு இந்தக் காசைக் கொடுத்தாராம். அன்று முதல் அது அவருடைய பணப்பையின் உள்ளறையிலேயே இருந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலையில் இருவரும் புளியந்தீவுக்குப் பூசைக்குப் போயிருந்தார்கள். கடலோரத்து வீட்டில் எதுவும் மிஞ்சவில்லை. பூசைக்குப் போன பணப்பையோடு காசும் தப்பியது. சென்ற ஆண்டு அவரும் காலமாகிவிட்டார்.

“மாரிக்கு முன்னம் கூரை மாத்தவேணும். இதுக்காகத்தான் அவர் விட்டிட்டுப் போயிருக்கார் போல” என்றார் அம்மா.

பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனேன். ஆண்டின் கடைசி ஐந்தின் அருகே இன்னோர் ஐந்தின் சாயல் இருந்தது. என் நெஞ்சு ஒருமுறை துள்ளியது. ஆனால் மற்ற இலக்கங்கள் ஒற்றையாகவே இருந்தன. இடப்புறத்தில் ‘லிபர்ட்டி’ என்ற சொல்லும் ஒற்றை. லிங்கனின் தலைக்கு மேலுள்ள வாசகமும் ஒற்றை. திரும்பத் திரும்பப் பார்த்தேன், மாறவில்லை.

நிற்க. இரட்டிப்பு எப்படி நேர்கிறது என்பதை விளக்கினால்தான் மேலே சொல்ல முடியும். நான் இத்தொழிலுக்கு வந்த காலத்தில் சிறிய அச்சகங்களில் ஈய எழுத்துகள் இன்னும் இருந்தன. எழுத்துக் கோத்ததிலேயே பிழை இருந்தால் எல்லாப் பிரதிகளிலும் அதே பிழை வரும். அடிக்கும்போது தாள் நழுவினால் அந்தத் தாளில் மாத்திரம் எழுத்துக் கலங்கும். நாணயத்திலும் இதே கதைதான். மேடான உருவமுள்ள உருக்குத் தண்டு ஒன்றை இன்னோர் உருக்கில் அழுத்தித்தான் அந்நாளில் அச்சுச் செய்தார்கள். ஓர் அழுத்தத்தில் உருவம் முழுமையாகப் பதியாது, உருக்கு இறுகிவிடும். சூடாக்கிப் பதப்படுத்தி மீண்டும் அழுத்த வேண்டும். இரண்டாம் முறை மயிரிழை திரும்பினாலும் அச்சிலேயே இரண்டு உருவங்கள் விழுந்துவிடும். பிறகு அந்த அச்சில் அடிக்கும் ஒவ்வொரு காசும் இரட்டையாகவே பிறக்கும்.

அம்மாவின் காசில் நடந்தது வேறு. நெடுநாள் அடித்துத் தேய்ந்த அச்சில் எழுத்தின் ஓரங்கள் பரவிப்போகும். அதனால் கடைசி ஐந்து மாத்திரம் இரண்டாகத் தோன்றும் 1955ஆம் ஆண்டுச் சதங்கள் ஏராளம். சேகரிப்போர் அவற்றை ‘ஏழையின் இரட்டை அச்சு’ என்று அழைக்கிறார்கள். ஓரிரு டொலர் கிடைத்தாலே பெரிது.

அந்தப் பெயரை அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. “அந்தக் காசு இல்லை அம்மா” என்று மட்டும் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அவர் விக்கச் சொல்லித் தரல்லத்தானே” என்று சொல்லிக்கொண்டே கைக்குட்டையில் முடிச்சிட்டார். கூரைக்கு அவருடைய மருமகன் சீட்டுப் பணம் எடுத்தார் என்று பின்னர் அறிந்தேன்.

என் கட்டுரையின் கடைசிப் பந்தியில், மெய்யான காசை அடையாளம் காணும் விதம் எழுதப்பட்டிருந்தது. இடம் போதாது என்றார்கள். அந்தப் பந்தியை நானே வெட்டிக் கொடுத்தேன், தலைப்பைத் தொடவில்லை. அடுத்த வாரம் நான்கு வரியில் ஒரு திருத்தம் வெளியிட்டேன். மழைக்கு முன் கூரையை நினைத்துக்கொண்டிருக்கும் எத்தனை பேர் அதைப் படித்தார்களோ!

வெட்டிய பந்தியின் சாரத்தை இங்கே தருகிறேன். மெய்யான இரட்டை அச்சில் இரண்டு உருவங்களும் மேடாகவும் உருண்டும் இருக்கும். எழுத்து தடித்துத் தெரியும். அதன் முனைகள் பிளவுபட்டு, நடுவே சிறு வெட்டுப்போலத் தோன்றும். அச்சு தளர்ந்து அடியின்போது அசைந்தால், இரண்டாவது உருவம் தட்டையாக, படிக்கட்டுப்போலத் தாழ்ந்திருக்கும். மூல எழுத்தும் மெலிந்துவிடும். அச்சுத் தேய்மானமாயின் பிளவே இராது. ஓரம் வீங்கிக் கலங்கியிருக்கும். பின்னிரண்டுக்கும் பெரிய விலை கிடையாது. 1955ஆம் ஆண்டுச் சதத்தைப் பொறுத்தவரை கண்ணாடியே வேண்டாம். ஆண்டு, ‘லிபர்ட்டி’, தலைக்கு மேலுள்ள வாசகம் மூன்றும் வெறுங்கண்ணுக்கே இரட்டையாகத் தெரியவேண்டும். அப்படித் தெரிந்தாலும், போலிகள் உண்டாகையால் அறிந்தவரிடம் காட்டாமல் நம்பக்கூடாது.

உங்கள் வீட்டுப் பழைய தகரப் பேணியிலும் இப்படிக் காசுகள் இருக்கலாம். எலிசபெத் மகாராணியின் தலை பொறித்த, வளைவு விளிம்புள்ள இலங்கை இரண்டு சதத்திலும் 1955 என்ற ஆண்டு உண்டு. எதையும் பழப்புளி போட்டு மினுக்கிவிடாதீர்கள். மினுக்கிய காசின் மதிப்புக் குறைந்துவிடும். அந்த அம்மாவின் காசை நானும் துடைக்காமல், அதே கறுப்போடுதான் திருப்பிக் கொடுத்தேன்.